மிரட்டும் டிஃபெண்டர் யார்: ஜென்டிலேயா, வான் டைக்கா?

குமரி-கேரள எல்லையிலுள்ள தூத்தூர், பொழியூர் கரைகளில் கால்பந்துப் பேச்சு வந்தாலே இந்தச் சண்டையும் வந்துவிடும். என் ஓட்டு நெதர்லாந்தின் வான் டைக்குக்குத்தான்.

இத்தாலியின் ஜென்டிலே 1982 உலகக் கோப்பையில் மரடோனாவை ஆட்டம் முழுக்க இடித்தே முடக்கினார். அடுத்த ஆட்டத்தில் அவர் பிடித்திழுத்ததில் பிரேசிலின் ஜீக்கோவின் சட்டையே கிழிந்தது. இன்று அப்படி ஆடினால் அரை மணி நேரத்தில் சிவப்பு அட்டைதான்.

வான் டைக்கின் மிரட்டல் வேறு ரகம். 2019 மார்ச்சில் அவருடைய லிவர்பூல் அணி டாட்டன்ஹாமுக்கு எதிரே 1-1 என்றிருந்தபோது, சிசோக்கோவும் சோனும் இரண்டு பேராக அவர் ஒருவரை நோக்கி ஓடி வந்தார்கள். அவர் பாயவில்லை. சோனுக்குப் போகும் பாஸ் வழியை மறித்தபடியே பின்வாங்கினார். பந்து சிசோக்கோவின் இடது காலுக்கு வந்த பிறகுதான் நெருங்கினார். வலது கால் ஆட்டக்காரர் இடதால் அடித்தார். பந்து கம்பத்துக்கு மேலே போனது.

நம்மூர் செவன்ஸில் டிஃபெண்டர்கள் சறுக்கும் இடமே இதுதான். முதல் நொடியிலேயே காலை நீட்டிப் படுத்துவிடுவார்கள். ஏழே பேர், ஆஃப்சைடும் கிடையாது; எதிராளி நம் கோல் பக்கத்திலேயே காத்திருக்கலாம். ஒருவர் விழுந்தால் பின்னால் கோலி மட்டும்தான். பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடக்கி, எதிராளியிடமிருந்து ஒன்றரை மீட்டர் விட்டு நில்லுங்கள். பந்து அவன் காலைவிட்டு ஓரடி விலகும்போது மட்டும் காலை வையுங்கள்.