மாண்டிசோரி, ஆட்டம் பாட்டம், எழுத்துப் பயிற்சி: மூன்றையும் ஒரே ஹாலில் நடத்தலாமா?

கேள்வி: இராயக்கோட்டை பக்கம் சிறிய மழலையர் பள்ளி நடத்துகிறேன். மூன்று வயது முதல் ஐந்து வயது வரை 24 குழந்தைகள், ஒரே ஹால். நான் மாண்டிசோரி பயிற்சி முடித்தவள்; பிள்ளையே பொருளைத் தேர்ந்தெடுத்துக் கையால் செய்து கற்கும் முறை அது. உதவிக்கு இருக்கும் அக்கா பல வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவர். பாட்டும் கதையுமாகப் பிள்ளைகளை வைத்திருப்பார். பெற்றோர்களோ, "ஏபிசிடி இன்னும் எழுத வரலையே, ஹோம்வொர்க் ஏன் தரலை?" என்று கேட்கிறார்கள். பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். எல்லா முறையையும் கலந்தால் பிள்ளைகள் குழம்பிப் போவார்களா? கடன் வாங்கியாவது முழு மாண்டிசோரி செட் வாங்கிவிடலாமா?

பதில்: கலக்கலாம், தயங்க வேண்டாம். நம் நாட்டில் பாலர் கல்வி கலந்துதான் வளர்ந்திருக்கிறது. 1920-இல் குஜராத்தின் பாவ்நகரில் பால மந்திர் என்ற குழந்தைகள் பள்ளியைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா, மாண்டிசோரி முறையை எடுத்துக்கொண்டு அதில் நாட்டுப்புறக் கதையையும் பாட்டையும் நாடகத்தையும் சேர்த்தார். அவரோடு வேலை செய்த தாராபாய் மோடக், பின்னாளில் அனுதாய் வாக்குடன் சேர்ந்து மகாராஷ்டிரத்தின் போர்டியிலும் கோஸ்பாடிலும் ஏழைக் குழந்தைகளுக்கும் பழங்குடிக் குழந்தைகளுக்கும் பள்ளி நடத்தினார். விலை கூடிய மரச் சாமான்கள் இருந்த இடத்தில் அங்கே கூழாங்கல்லும் விதையும் இலையும் சிப்பியும் வந்தன. முற்றத்திலேயே பள்ளி என்ற அங்கன்வாடி எண்ணம் வளர்ந்தது அவர்கள் கையில்தான். இன்றைய அங்கன்வாடிகளை நடத்தும் அரசின் ஐசிடிஎஸ் (ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சி) திட்டம் அதற்குப் பல வருடம் கழித்து, 1975 அக்டோபர் 2-ஆம் தேதிதான் வந்தது. ஆகவே உங்கள் மரத்தட்டும் அக்காவின் பாட்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். அக்காவை உதவியாளராக மட்டும் பார்க்காதீர்கள்.

குழப்பம் வருவது வேறு இடத்தில். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். தருமபுரி மாவட்டத்தில் நான் முதன்முதலில் பொறுப்பேற்ற பாலர் வகுப்பில், எல்லா முறையும் இருக்க வேண்டும் என்ற ஆசையில் இருபது நிமிடத்துக்கு ஒரு மணி அடித்தேன். இருபது நிமிடம் மாண்டிசோரி, இருபது நிமிடம் பாட்டு, இருபது நிமிடம் சிலேட்டு. மூன்றரை வயதுப் பையன் ஒருவன் சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ஆறேழு தடவை சிந்திவிட்டது. அடுத்த தடவை சிந்தாமல் வரப்போகிற நேரத்தில் நான் மணி அடித்தேன். சொம்பைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதான். அதன் பிறகு பல நாள் அவன் தண்ணீர்த் தட்டின் பக்கமே போகவில்லை. முறைகள் பல இருந்ததால் வந்த அழுகை இல்லை அது. "நீயே தேர்ந்தெடு" என்று சொல்லிவிட்டு, முடிவை நான் பிடுங்கிக்கொண்டேன். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் ஒரே விதி இதுதான்: ஒரு நேரத்தில் கடிவாளம் யார் கையில் என்று குழந்தைக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். பிள்ளை தேர்ந்தெடுக்கும் நேரம் என்றால் முழுக்கப் பிள்ளையுடையது. டீச்சர் சொல்லித்தரும் நேரம் என்றால் அது சின்னதாக, கலகலப்பாக, சீக்கிரம் முடிவதாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே அரை மணிக்குள் திணிக்காதீர்கள்.

எதைப் பிள்ளையிடம் விடுவது, எதை நாம் சொல்லித்தருவது? இதற்கும் ஒரு வழி உண்டு. கனம், நீளம், சத்தம், ஒழுங்கு, சிந்தாமல் ஊற்றுவது, பெரியதிலிருந்து சின்னதாக அடுக்குவது, இதையெல்லாம் குழந்தை கையாலேயே கண்டுபிடிக்கும். நாம் வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவோம். ஆனால் 'ட' என்ற வடிவத்துக்கு அந்த ஒலி என்பது பெரியவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம். நாள் முழுக்க விளையாடினாலும் அதை ஒரு குழந்தையால் கண்டுபிடிக்க முடியாது. யாராவது சொல்லித்தான் தர வேண்டும். விளையாட்டு வழிக் கல்வியில் பிடிப்புள்ளவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவதுண்டு. தயங்க அவசியமே இல்லை. இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரியே எழுத்தை நேராகச் சொல்லித்தந்தவர்தான். "இது ட", "ட எங்கே, காட்டு", "இது என்ன?" என்று மூன்று படியாகச் சொல்லித்தரும் பாடம் உங்கள் பயிற்சியில் வந்திருக்குமே, அதை அவர் செகுவின் என்ற பிரெஞ்சு மருத்துவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

இனி உங்கள் காலை நேரத்துக்கு வருவோம். ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை என்று வைத்துக்கொள்கிறேன். முதல் கால் மணி அக்காவுடையது: வட்டமாக உட்கார்ந்து பாட்டு, பேர் கூப்பிடுதல், இன்று வானம் எப்படி என்ற பேச்சு. கடைசியில் ஒவ்வொரு பிள்ளையும் இன்று என்ன செய்யப் போகிறது என்று ஒரு வரி சொல்லட்டும். அமெரிக்காவில் ஹைஸ்கோப் என்ற முறையில் இப்படித்தான் செய்கிறார்கள்: முதலில் சொல், பிறகு செய், அப்புறம் செய்ததைத் திரும்பச் சொல். மாண்டிசோரி வகுப்பில் கை நிறைய வேலை இருக்கும், பேச்சு சில சமயம் குறைந்துபோகும். அந்தக் குறையை இது அழகாக நிரப்பிவிடும்.

அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் யாரும் குறுக்கிடாத வேலை நேரம். மாண்டிசோரி சொல்வது ஏறக்குறைய மூன்று மணி நேரம். உங்கள் இடத்துக்கு ஒன்றரையே நல்ல தொடக்கம். இந்த நேரத்தில்தான் நீங்கள் நான்கைந்து பெரிய பிள்ளைகளை ஓரமாக அழைத்துப் பத்து நிமிடம் எழுத்தோ எண்ணோ சொல்லித்தர வேண்டும். வேலையில் மூழ்கியிருக்கும் பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். கையில் வேலை முடிந்து நிற்கும் பிள்ளையைக் கூப்பிடுங்கள். பிறகு வெளியே ஓட்டமும் மண் விளையாட்டும், சாப்பாட்டுக்கு முன் அக்காவின் கதை. அவ்வளவுதான் நாள்.

ஒரே பொருளில் மூன்று முறையும் எப்படிச் சேரும் என்று பார்க்க நம் ஊர்ப் புளி போதும். பிப்ரவரி, மார்ச்சில் புளி உலுக்கி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுப்பார்கள். பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்து பார்த்தவர்கள். ஒரு கூடைப் புளியை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். ஓடு, நார், கொட்டை என்று மூன்று கிண்ணத்தில் பிரிப்பது மாண்டிசோரித் தட்டுக்கு அப்படியே பொருந்தும். நார் உரிக்கிற அந்தக் கட்டை விரல், ஆள்காட்டி விரல் பிடிதான் நாளைக்குப் பென்சில் பிடி. அக்கா புளிய மரத்துக் கதை சொல்லட்டும். நீங்கள் ஐந்து வயதுக்காரர்களுக்குக் கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவிக்கச் சொல்லித் தாருங்கள். மூன்று குவியலும் நான்கு கொட்டையும் இருந்தால் 34 என்று பார்த்தே புரிந்துகொள்வார்கள். அப்புறம் பல்லாங்குழியை எடுத்து வைத்தால் எண்ணிப் போடுவதைப் பிள்ளைகளே மணிக்கணக்கில் செய்வார்கள். ஒரு எச்சரிக்கை: மூன்று வயதுக் குழந்தைகள் கொட்டையை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள், விழுங்கினால் மூச்சு அடைக்கலாம். அவர்களுக்கு ஓடும் நாரும் மட்டும் போதும். கொட்டைத் தட்டு உயரமான அலமாரியில் இருக்கட்டும், எடுத்தால் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்காரட்டும்.

எல்லா முறையும் எல்லாவற்றோடும் ஒட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1919-இல் ஜெர்மனியில் தொடங்கிய வால்டார்ஃப் பள்ளிகளில் ஏறக்குறைய ஏழு வயது வரை எழுத்தைத் தொடமாட்டார்கள். கற்பனையும் தேவதைக் கதையும்தான் அவர்களுக்கு உயிர். மாண்டிசோரியோ நான்கு வயதிலேயே எழுத்தைத் தடவ வைப்பார், சின்னக் குழந்தைக்கு மாயக் கதைகளைவிட நிஜ உலகமே நல்லது என்று நினைத்தவர். இந்த இரண்டில் நீங்கள் ஒரு பக்கம் நின்றாக வேண்டும். என் கருத்தைக் கேட்டால், எழுத்தில் மாண்டிசோரி பக்கமும் கதையில் அக்கா பக்கமும் நில்லுங்கள். பேசும் நரியையும் அழும் யானையையும் விட்டுவிட்டு நம் ஊரில் ஒரு குழந்தையை வளர்க்க முடியாது. ஸ்டார் ஒட்டுவது, முதல் இடம் தருவது மட்டும் வேண்டாம். தானாகத் தேர்ந்தெடுத்துச் செய்யும் பிள்ளை, ஸ்டாருக்காகச் செய்யத் தொடங்கிவிட்டால் உங்கள் வேலை நேரமே பாழாகிவிடும்.

எழுத்து விஷயம்தான் பெற்றோரோடு உரசும் இடம். மூன்று வயதில் மணிக்கட்டு எலும்புகள் இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. அந்தக் கையில் நான்கு கோடு நோட்டைக் கொடுத்தால் பிள்ளை தோளால் எழுதும், சீக்கிரமே சலித்தும் போகும். முதல் வருடம் ராகி மாவு பிசையட்டும், பூ கோர்க்கட்டும், ஈரத் துணி பிழியட்டும், புள்ளி வைத்துக் கோலம் இழுக்கட்டும். நான்கு வயதில் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை இரண்டு விரலால் தடவிப் பழகட்டும். தடவும் திசை முக்கியம், எழுதும் திசையிலேயே போக வேண்டும். 'அ'-வில் தொடங்காதீர்கள். அதன் வளைவும் சுழிப்பும் சின்னக் கைக்குக் கடினம். நேர்கோட்டில் வரும் ட, ப இரண்டும் முதலில், பிறகு ம. இந்த மூன்றும் கைக்கு வந்ததும் 'படம்', 'பட்டம்' என்று படிக்கவே தொடங்கிவிடலாம் (புள்ளியை மட்டும் சேர்த்துச் சொல்லித் தாருங்கள்). 247 எழுத்தையும் வரிசையாக மனப்பாடம் செய்துவிட்டு ஒரு சொல்கூடப் படிக்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டப்படும். ஆங்கிலம் ஒரு வருடம் காதிலும் வாயிலும் மட்டும் இருக்கட்டும். எழுதும்போது அங்கேயும் எல் (L), டி (T), ஐ (I) போன்ற நேர்கோட்டு எழுத்துகளே முதலில்.

பெற்றோருக்கு இதை வாயால் விளக்கிப் பயனில்லை. ஓசூர் ஷிஃப்ட் முடிந்து வருகிறவரும் பூந்தோட்டத்திலிருந்து வருகிறவரும் கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும். இத்தாலியின் ரெஜியோ எமிலியா பள்ளிகளிடம் ஒன்றைக் கடன் வாங்குங்கள்: பிள்ளை வரைந்த படம், அதன் கீழே அது சொன்ன வார்த்தை அப்படியே, தேதியோடு. ஒரு பிள்ளைக்கு மாதம் இரண்டு தாள் போதும். ஜூன் மாதக் கிறுக்கலையும் டிசம்பர் மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்து அம்மாவிடம் காட்டுங்கள், கேள்வி தானாகக் குறையும். ஹோம்வொர்க் கேட்டால் கொடுங்கள்: "இன்று ராத்திரி தட்டுகளை நீயே எண்ணி எடுத்து வை." அரசுப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லலாம். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்றாம் வகுப்பே பாட்டு, கதை, செயல்பாடு என்றுதான் நடக்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலையில் வைத்துச் சொல்லித் தருகிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அது பழகிய இடமாகவே இருக்கும்.

மூன்று மொழி இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். வந்த புதிதில் ஒரு குழந்தை வகுப்பில் வாயே திறக்காவிட்டால், மந்தம் என்று முடிவு கட்டுவதற்கு முன் அதன் வீட்டு மொழியில் பேசிப் பாருங்கள். காலை வட்டத்தில் எந்த மொழியில் பேசினாலும் ஏற்றுக்கொண்டு, அதையே தமிழில் ஒரு தடவை சொல்லுங்கள், திருத்த வேண்டாம். மூணு, மூடு, மூரு என்று மூன்று மொழியிலும் புளியங்கொட்டையை எண்ணச் செய்தால் எல்லாப் பிள்ளைக்கும் காது கூர்மையாகும், தெலுங்குப் பிள்ளையும் கன்னடப் பிள்ளையும் தலை நிமிர்ந்து உட்காரும். உங்கள் அக்காவுக்கு அந்த மொழிகள் தெரியும் என்றால், கதை நேரத்தை வாரத்தில் ஒரு நாள் அந்த மொழியிலேயே விட்டுவிடுங்கள். தெரியாவிட்டால் ஒரு பாட்டியைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

கடைசியாகக் கடன். வாங்காதீர்கள். ஊற்றுதல், பிரித்தல், துடைத்தல், பொத்தான் போடுதல் எல்லாம் வீட்டுச் சாமானிலேயே நடக்கும். பொத்தான் போட்டுப் பழகும் துணிச் சட்டங்களை உங்கள் ஊர் தையற்காரரே தைத்துக் கொடுப்பார். உப்புத்தாள் எழுத்தை நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்டி அட்டையில் ஒட்டிவிடலாம். காசு போட வேண்டிய இடம், அளவு தப்பினால் பயனே இல்லாத பொருள்கள்தான். பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கிக் கோபுரம் கட்டும் பிங்க் டவரில் பத்துக் கட்டைகள், ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை ஒவ்வொரு சென்டிமீட்டராக ஏறும். குமிழ் வைத்த உருளைக் கட்டைகளில் ஒவ்வொரு உருளையும் அதனதன் குழியில்தான் சரியாக உட்கார வேண்டும். குழந்தை தன் தவற்றைத் தானே பார்ப்பது அந்தத் துல்லியத்தால்தான், டீச்சர் "தப்பு" என்று சொல்லவே வேண்டியதில்லை. டவரை நல்ல ஆசாரி ஒருவர் செய்துவிடுவார், அளவுகோலோடு பக்கத்தில் நின்று செய்து வாங்குங்கள். உருளைக் கட்டையை மட்டும் கடையில் வாங்குங்கள், இந்த வருடம் ஒரு பெட்டி, அடுத்த வருடம் இன்னொன்று.