வெள்ளெழுத்தும் முதல் எழுத்தும்: வன்னியில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது பற்றிச் சில கேள்விகள்

ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் மாலை வேளைகளில் பெரியவர்களுக்கு வாசிக்க, எழுதச் சொல்லிக்கொடுக்கும் தொண்டர் குழு ஒன்றில் 2013 முதல் இருக்கிறேன். சம்பளம் கிடையாது, தேநீர் உண்டு. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

இலங்கை கல்வியில் முன்னணி நாடு என்கிறார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் இன்னுமா இருக்கிறார்கள், ரீச்சர்?

இலவசக் கல்வி 1945இல் வந்தது. ஊரில் பள்ளிக்கூடம் இருப்பது ஒன்று, பிள்ளை அதில் போய் இருப்பது வேறொன்று. எங்களிடம் வருகிறவர்களில் மாடு மேய்த்தும் வயலில் நின்றும் வளர்ந்த முதியவர்கள் உண்டு. 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இங்கே கூலி வேலை செய்த குடும்பங்கள் உண்டு. எனக்கு மிகவும் கவலை தருகிறவர்கள் மூன்றாவது கூட்டத்தார். இப்போது முப்பத்தைந்து, நாற்பது வயதில் இருப்பவர்கள். 1996இல் போர் காரணமாகக் கிளிநொச்சியை விட்டு மல்லாவி, துணுக்காய் என்று ஓடியபோது சிறுபிள்ளைகள். அதன்பின் ஒவ்வொரு இடப்பெயர்வுக்கும் ஒரு பள்ளிக்கூடம். எழுத்துகளைத் தெரியும், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது. முதியவர்கள் "எனக்குத் தெரியாது பிள்ளை" என்று சொல்லிவிடுவார்கள். இவர்கள் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பார்கள், கை நோகிறது என்பார்கள்.

என் அம்மாவுக்கு 58 வயது. மூன்று வாரம் வகுப்புக்குப் போய்விட்டு, தலைக்குள் ஏறவில்லை என்று நின்றுவிட்டார். வயது போய்விட்டதா?

முதலில் கண்ணைச் சோதியுங்கள். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும். வாசிக்கத் தெரிந்தவருக்குப் புத்தகம் மங்குவது உடனே தெரியும். ஒருநாளும் வாசிக்காதவருக்கு மங்கலாகத் தெரிவது எழுத்தின் இயல்பு என்றே படும். ஒரு அம்மா ன, ண இரண்டையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் மக்குத்தனமாக, சுழிகளை எண்ணச் சொல்லி ஒரு மாதம் அவரை வதைத்தேன். பிறகு பக்கத்தில் இருந்தவரின் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதில் மூன்று சுழியா இருக்கிறது?" என்று கேட்டார். சீனி வியாதி இருந்தால் கண் கிளினிக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

அ, ஆ தொடங்கி 247 எழுத்தையும் சொல்லிக்கொடுக்க எத்தனை மாதம் தேவை?

அப்படித் தொடங்கினால் ஆறாம் நாள் வகுப்பில் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். மண்வெட்டி பிடித்த கைக்கு 'அ'வும் 'இ'யும் முதல்நாளே வளையாது. நாங்கள் அவரவர் பெயரில் தொடங்குகிறோம். அடுத்தது ட, ப, ம, ய. கோடு இழுக்கத் தெரிந்தால் 'ட' வந்துவிடும். பட்டம், மட்டம் எழுதிய கை 'பட்டி' எழுதக் கேட்கும், ஏனென்றால் வீட்டில் மாட்டுப்பட்டி இருக்கிறது. அங்கே விசிறி (இகரக் குறி) தானாக வரும்.

உயிர் 12, மெய் 18. அந்த முப்பதும் சில குறிகளும் பிடிபட்டால் 216 உயிர்மெய்யும் தாமே விரியும். சிக்கல் கொம்பில்தான். "வாயில் பின்னால் வருகிற ஒலி கொப்பியில் ஏன் முன்னால் நிற்கிறது?" என்று 'கெ'யைக் காட்டி ஒரு ஐயா கேட்டார். 'கொ' இன்னும் மோசம், ககரத்தை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கிறது. முப்பது வருடம் கற்பித்த எனக்கு அந்தக் கேள்வி ஒருமுறையும் எழவில்லை. ல, ள, ழ திருத்தத்தை முதல் மூன்று மாதம் தொடாதீர்கள். 'கிளங்கு' என்று எழுதினாலும் அதை அவித்துச் சாப்பிடலாம்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். பயிற்சி இல்லை. தொண்டராகச் சேரலாமா, அம்மா?

வாருங்கள் மகள். வாரத்தில் இரண்டு மாலை, ஒன்றரை மணித்தியாலம், ஒரு தொண்டரிடம் நான்கு பேருக்கு மேல் படிக்க வேண்டாம். சிவப்புப் பேனையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பல்கலைக்கழகம் கிடைத்தால் போய்விடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டுப் போனவர்களை இந்தச் சனம் போதுமான அளவு பார்த்துவிட்டது.

எங்கள் ஊரில் வகுப்புத் தொடங்கி இரண்டு மாதத்தில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். எங்கே பிழை?

ஐப்பசியில் தொடங்கினீர்களா? காலபோக விதைப்பு நேரத்தில் யார் வருவார்கள்? அறுவடை முடிந்து, சித்திரை வருடப்பிறப்பும் கழியட்டும். பாடசாலை வகுப்பறையும் வேண்டாம். சின்னக் கதிரையில் முழங்கால் இடிக்க இருப்பது யாருக்கும் மரியாதை இல்லை. சனசமூக நிலையமோ, வேப்பமர நிழல் உள்ள ஒரு முற்றமோ போதும். படிக்க வந்தவர்களைப் படம் எடுத்தீர்களா? எடுத்திருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம்.

பிள்ளையே தாய்க்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன?

பிள்ளைக்குப் பெருமை, தாய்க்கு வெட்கம். நாங்கள் தாயையும் பிள்ளையையும் முதல் அரை மணித்தியாலம் பிரித்து வைக்கிறோம். பிறகு தாய் ஒரு கதை சொல்வார், பிள்ளை அதை எழுதும். தன் வாயால் சொன்ன கதை என்பதால் அடுத்த வரி என்ன என்று தாய்க்குத் தெரியும். அந்தத் தைரியத்தில் எழுத்தைத் துரத்திப் பிடித்துவிடுவார். குளத்தில் முதலை பார்த்த கதை ஒன்றை ஒரு தாய் ஏழு தடவை வாசித்தார். ஒவ்வொரு தடவையும் முதலை வளர்ந்தது, அது வேறு விடயம்.

கைபேசி வாசித்துச் சொல்கிறதே, இனி ஏன் படிக்க வேண்டும்?

வங்கியிலிருந்து வரும் இரகசிய இலக்கத்தைச் சந்தையில் வைத்து உரத்து வாசிக்க விட்டுப் பாருங்கள்.

கையெழுத்து வைக்க மட்டும் பழகினால் போதும் என்கிறார் என் மனைவி. சரியா?

இதில் எங்கள் குழுவுக்குள்ளேயே சண்டை. நான் கடுமையாக எதிர்க்கிறேன். பெருவிரல் வைக்கிறவருக்கு யாராவது பத்திரத்தை வாசித்துக்காட்ட வேண்டும் என்ற எண்ணமாவது எதிரில் இருப்பவருக்கு வரும். கையெழுத்து வைத்தால் வாசித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். நுண்கடன் குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். அழகாகக் கையெழுத்து வைத்த ஒருவர் தான் பிணை நின்றதை வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்றபோதுதான் அறிந்தார். கையெழுத்தைப் பழக்கியது நான்தான்.

அதன்பிறகு பெயரோடு சேர்த்து இலக்கங்களையும், வட்டி, தவணை, பிணை என்ற மூன்று சொற்களையும் பழக்குகிறோம். அரச அலுவலகத்தில் சிங்களப் படிவம் நீட்டினால் தமிழில் கேளுங்கள். 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

வேறு எங்காவது இது பெரிய அளவில் நடந்திருக்கிறதா?

தமிழ்நாட்டுப் புதுக்கோட்டையில், 1990களின் தொடக்கத்தில். எழுத்தோடு பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கினார்கள், ஆயிரக்கணக்கில் வந்தார்கள். எங்கள் பெண்கள் முன்பே சைக்கிளில்தான் வகுப்புக்கு வருகிறார்கள். இங்கே எதைச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று கேட்டபோது அதிகமாக வந்த பதில்: கிளினிக் கொப்பியை வாசிக்க வேண்டும்.

வகுப்புத் தொடங்க என்னென்ன வாங்க வேண்டும்?

கரும்பலகை, சோக்கு, கொப்பிகள், சூரிய விளக்கு, தேயிலை, சீனி. வெள்ளெழுத்துக் கண்ணாடி இரண்டு மூன்று பெட்டியில் இருக்கட்டும். யானை வருகிற ஊர் என்றால் ஐந்தரைக்கே முடித்து எல்லோரையும் அனுப்பிவிடுங்கள்.