தொப்பூர் ஏற்றமும் ஐந்து பேர் குடும்பமும்: எந்தச் சிறிய கார்?

கேள்வி: நான் தருமபுரியில் குடியிருக்கிறேன். பென்னாகரத்தை அடுத்த ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். போக வர நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் ஆகிறது. மாதம் ஒரு முறை அப்பா, அம்மா, மனைவி, மகள் ஆகியோருடன் பெங்களூருவில் உள்ள அண்ணன் வீட்டுக்குப் போய் வருவோம். ஆன்-ரோடு விலை 9 லட்சம் ரூபாய்க்குள் சுவிஃப்ட், பலேனோ, ஐ20, அல்ட்ராஸ் ஆகிய நான்கையும் பார்த்துவிட்டோம். மைலேஜ்தான் முக்கியம் என்கிறார் அப்பா. டர்போ இல்லாத வண்டி ஐந்து பேருடன் மலைப்பாதையில் இழுக்காது என்கிறார்கள் உடன் பணியாற்றுவோர். சி.என்.ஜி. (அழுத்தப்பட்ட இயற்கை வாயு) லாபமா? ஒகேனக்கல் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் மிகவும் பயனுள்ள தகவல், நீங்கள் பார்த்த கார்களின் பெயர்களைவிட, வண்டி எங்கே, எத்தனை பேருடன், எவ்வளவு தூரம் ஓடப்போகிறது என்பதுதான். பள்ளி நடக்கும் மாதங்களின் ஓட்டம், பெங்களூரு பயணங்கள், ஊருக்குள் சுற்றுவது எல்லாவற்றையும் கூட்டினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர் வருகிறது. அதில் பெரும்பகுதியை நீங்கள் தனியாக ஓட்டப்போகிறீர்கள். ஐந்து பேர் ஏறுவது மாதத்தில் இரண்டு நாள். ஆனால் வண்டியின் குறைகள் எல்லாம் அந்த இரண்டு நாளில்தான் தெரியவரும். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் செல்லும்போது நீங்கள் சுமார் 400 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். நான்குவழிச் சாலை என்பதால் அந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை, எஞ்சினுக்குத் தெரியும். வண்டியும் ஆட்களுமாக 1,300 கிலோ எடையை 400 மீட்டர் தூக்குவதற்கு மட்டும், எரிபொருளின் ஆற்றலில் ஒரு பகுதியையே எஞ்சின் இழுவையாக மாற்றும் என்பதைக் கணக்கில் கொண்டால், ஏறக்குறைய அரை லிட்டர் பெட்ரோல் கூடுதலாக எரிய வேண்டும். பெங்களூரு போகும்போது குறைவாகவும் திரும்பும்போது அதிகமாகவும் மைலேஜ் காட்டுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். வண்டியில் கோளாறு என்று பலர் இதற்காகப் பணிமனைக்கு வருவதைக் கண்டிருக்கிறேன். மேலும், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத எஞ்சின் கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் தன் திறனில் சுமார் பத்தில் ஒரு பங்கை இழக்கும், ஏனெனில் காற்றின் அடர்த்தி குறைகிறது. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், விளம்பரத்தில் 90 குதிரைத்திறன் என்று படித்த வண்டி அங்கே 82 அளவில்தான் வேலை செய்யும்.

இனி, இழுக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த நான்கு வண்டிகளின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்களும் முறுக்குவிசையில், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுவையில், ஏறக்குறைய ஒரே அளவுதான்: சுவிஃப்ட் 112 நியூட்டன் மீட்டர், பலேனோ 113, ஐ20-யும் அல்ட்ராஸும் 115. குதிரைத்திறனில் பலேனோ 90, அல்ட்ராஸ் 88, ஐ20 83, 2024-இல் வந்த புதிய சுவிஃப்ட் 82. தாளில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் சுவிஃப்ட்டும் பலேனோவும் எடை குறைந்தவை. அல்ட்ராஸ் அவற்றைவிடக் கனமானது. ஆதலால் ஏற்றத்தில் முந்த முயலும்போது பலேனோவின் நான்கு சிலிண்டர் எஞ்சினே இவற்றில் சிரமமின்றி மேலெழும். சுவிஃப்ட்டின் புதிய மூன்று சிலிண்டர் எஞ்சின் சிக்கனத்துக்காக உருவாக்கப்பட்டது. நகரத்துக்குள்ளும் தனியாள் ஓட்டத்துக்கும் மிக நன்றாக இருக்கும், ஆனால் ஐந்து பேருடன் ஏறும்போது கியரை அடிக்கடி மாற்றச் சொல்லிக் கேட்கும்.

உடன் பணியாற்றுவோர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஐ20-யின் என்-லைன் மாடலில் உள்ள 1.0 லிட்டர் டர்போ எஞ்சின் 120 குதிரைத்திறனும், நிமிடத்துக்கு 1,500 சுற்றிலிருந்தே 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. சாதாரண 1.2 எஞ்சின்கள் தங்கள் முழு இழுவையைக் காட்ட, அல்ட்ராஸ் நீங்கலாக, 4,200 சுற்றுக்கு மேல் செல்ல வேண்டும். நம் பகுதியில் பெரும்பாலோர் 2,000 சுற்றைத் தாண்டினாலே எஞ்சின் சத்தம் கேட்டு அஞ்சி மேல் கியருக்குப் போய்விடுகிறார்கள். சேலத்திலிருந்து தருமபுரி வரும் வழியிலுள்ள தொப்பூர் ஏற்றத்தில் நான்காவது கியரிலேயே ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துவிட்டு, வண்டி இழுக்கவில்லை என்று சொல்கிறார்கள். அப்படி ஓட்டினால் எஞ்சின் தட்டும், சூடேறும், பெட்ரோலும் அதிகம் குடிக்கும். மூன்றாவது கியருக்கு இறங்கி, 3,500 சுற்றில் நிதானமாக ஏறவிட்டால் இதே எஞ்சின்கள் ஐந்து பேரையும் கொண்டு சேர்க்கும். அந்தச் சத்தம் எஞ்சினுக்குக் கேடு விளைவிக்காது. மாதத்தில் இரண்டு நாளுக்காக டர்போவுக்கு ஒன்றிரண்டு லட்சம் கூடுதலாகக் கொடுப்பது உங்கள் ஓட்டத்துக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

விலையைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குட்பட்ட நீளமும் 1,200 சி.சி.க்குட்பட்ட பெட்ரோல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கான ஜி.எஸ்.டி., கூடுதல் வரியோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்தது 18 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் தமிழ்நாட்டின் ஆயுட்கால சாலை வரி 2023 நவம்பரில் உயர்த்தப்பட்டது: 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரையிலான விலைக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். எனவே 9,90,000 ரூபாய் வண்டிக்கு 1,28,700 ரூபாய் வரி என்றால், 10,10,000 ரூபாய் வண்டிக்கு 1,81,800 ரூபாய் ஆகிறது. விலையில் 20,000 ரூபாய் வேறுபாடு, கையை விட்டுப் போவதோ 73,000 ரூபாய். டர்போ வண்டிகளின் மேல்நிலை மாடல்களைப் பார்க்கும் எவரும் இந்த 10 லட்சம் எல்லையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் 9 லட்சத்துக்கு, காப்பீட்டையும் சேர்த்தால், ஷோரூம் விலை 7.5 லட்சத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

உங்கள் அப்பா சொல்லும் மைலேஜ் கணக்குக்கு வருவோம். சுவிஃப்ட்டுக்கு லிட்டருக்கு 24.80 கிலோமீட்டர், பலேனோவுக்கு 22.35 என்று மாருதி நிறுவனம் அறிவித்திருக்கிறது. இவை உருளைகளின் மேல் வண்டியை ஓடவிட்டு, ஏ.சி. இல்லாமல், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் எடுக்கப்படும் ஆய்வக எண்கள். ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிட இவை உதவும். உங்கள் மாதச் செலவைக் கணக்கிட உதவாது. தற்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது; ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யுடன் உங்கள் பாதையில் சுவிஃப்ட் 19, பலேனோ 17 என்று எச்சரிக்கையாக வைத்துக்கொண்டு, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால், 18,000 கிலோமீட்டருக்கு ஆண்டுச் செலவில் வேறுபாடு சுமார் 11,000 ரூபாய். மாதத்துக்கு 900 ரூபாயைச் சற்றே தாண்டும். இது சிறிய தொகை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் 100-க்குப் பதிலாக 80 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே பெரும் சேமிப்பு கிடைக்கும், ஏனெனில் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 80-இலிருந்து 100-க்குப் போகும்போது அது ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும். டயரில் காற்றைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பாருங்கள். முழுச் சுமைக்கு உரிய அளவு ஓட்டுநர் கதவோரம் ஒட்டப்பட்டிருக்கும்.

சி.என்.ஜி. பற்றிய கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. பெட்ரோல் வண்டியைவிட ஏறத்தாழ 90,000 ரூபாய் கூடுதல் என்றும், வாயு கிலோ 90 ரூபாய் என்றும், கிலோவுக்கு 24 கிலோமீட்டர் என்றும் வைத்தால், கிலோமீட்டருக்கு 3.75 ரூபாய் ஆகிறது. பெட்ரோலில் 17 மைலேஜுக்கு 5.88 ரூபாய். கொடுத்த கூடுதல் தொகை 42,000 கிலோமீட்டரில், அதாவது உங்கள் ஓட்டத்தில் இரண்டேகால் ஆண்டைத் தாண்டியதும், திரும்பிவிடும். அதன்பிறகு ஆண்டுக்கு 38,000 ரூபாய் மிச்சம். தூரம் உங்களுக்குப் போதுமானது. தடைகள் வேறு: சி.என்.ஜி.யில் ஓடும்போது பலேனோவின் திறன் 90-இலிருந்து 77 குதிரைத்திறனாகக் குறைகிறது; அதன் ஒற்றை வாயு உருளை டிக்கியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது; ஐந்து பேரின் பைகளுக்கு இடமிருக்காது. ஏற்றத்தில் பொத்தானை அழுத்திப் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளலாம் என்பதால் திறன் குறைவைச் சமாளிக்கலாம், இடக்குறைவைச் சமாளிக்க வழியில்லை. அல்ட்ராஸில் இரட்டை உருளைகளை டிக்கியின் தரைக்குக் கீழே பொருத்தி 210 லிட்டர் இடத்தை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள், ஆகவே சி.என்.ஜி. என்று முடிவெடுத்தால் அல்ட்ராஸையே பாருங்கள். ஆனால் நிரப்பும் நிலையம் நீங்கள் தினமும் போகும் வழியிலேயே இருக்க வேண்டும், காலை எட்டு மணிக்கு வரிசை எவ்வளவு நீளம் என்பதை நீங்களே போய்ப் பார்த்திருக்க வேண்டும். பத்து கிலோமீட்டர் சுற்றிப் போய் நிரப்பினால் லாபம் கரைந்துபோகும்.

பின்னிருக்கையில் அம்மா, அப்பா, மகள் என மூவர் உட்கார வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். முன்பின் சக்கரங்களுக்கிடையிலான நீளம் ஐ20-இல் 2,580 மில்லிமீட்டர், பலேனோவில் 2,520, அல்ட்ராஸில் 2,501, சுவிஃப்ட்டில் 2,450. டிக்கி அல்ட்ராஸில் 345 லிட்டர், பலேனோவில் 318, ஐ20-இல் 311, சுவிஃப்ட்டில் 265. மூன்று மணி நேரப் பயணத்துக்கு சுவிஃப்ட்டின் பின்னிருக்கை பெரியவர்களுக்கு நெருக்கடியாகவே இருக்கும். நான் அதை விலக்குவதற்கு மைலேஜோ இழுவையோ காரணமில்லை, இதுதான் காரணம். மோதல் பாதுகாப்புக்கே முதலிடம் கொடுப்பவர் என்றால், 2020-இல் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற அல்ட்ராஸ் பக்கம் நீங்கள் சாய்வதை நான் தடுக்க மாட்டேன்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, உங்களுக்கு பலேனோ பெட்ரோல், மேனுவல் கியர், நடுத்தர மாடல் என்பதே என் பரிந்துரை. கிளட்ச் மிதி இல்லாமல் தானாகவே கியர் மாற்றும் ஏ.எம்.டி. வசதியானது, ஆனால் ஏற்றத்தில் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது அதன் கிளட்ச் விரைவில் தேயும், ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி நெரிசலில் இது அடிக்கடி நேரும். பணம் கட்டுவதற்கு முன் சோதனை ஓட்டத்தைத் தனியாகச் செய்யாதீர்கள். வீட்டில் உள்ள ஐவரும் ஏறிக்கொண்டு, ஏ.சி.யைப் போட்டு, ஒரு மேம்பால ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி மீண்டும் எடுத்துப் பாருங்கள். அம்மா இறங்கி ஏறச் சிரமப்படுகிறாரா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கடைசியாக, நியூட்ரல். இந்தப் பகுதியில் ஓட்டுவோரிடம் ஆழமாகப் பதிந்திருக்கும் இந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து உங்கள் வண்டியில் தொடங்காதீர்கள். கார்புரேட்டர் காலத்தில் அதில் சிறிது சேமிப்பு இருந்தது. இன்றைய எஞ்சினில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால் கணினி பெட்ரோலை முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். ஆக, சேமிப்பு என்று செய்வது செலவாகிறது. அதைவிட முக்கியம், எஞ்சினின் பிடிப்பு இல்லாத வண்டியைப் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். தொடர்ந்து மிதித்த பிரேக் சூடேறினால் பிடிப்பு குறைந்துவிடும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்கும் சரிவில் இத்தனை விபத்துகள் நேர்வதற்கு, சரக்கு வாகனங்கள் நியூட்ரலில் இறங்குவதும் ஒரு காரணம். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்திலும் இதே விதிதான்: எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள், அதாவது ஐந்து பேருடன் இரண்டாவது அல்லது மூன்றாவது. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல் இடைவெளி விட்டு மிதியுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.