ஹோம்கமிங் விருதுக்கு விண்ணப்பிக்கலாமா? மைதான நடுவில் ‘ஃப்னூ’வாக நின்றவளின் பதில்

கேள்வி: அமெரிக்காவில் எம்எஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஹோம்கமிங் (பழைய மாணவர்கள் வளாகத்துக்குத் திரும்பி வரும் விழா) சமயத்தில் மாணவர் தலைமைக்கும் சேவைக்கும் தரும் விருதுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஆலோசகர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். நம்மைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் கிடைக்குமா? கிடைத்தாலும் என்ன பயன்?

கிடைக்கும். எனக்கு 2017 அக்டோபரில் கிடைத்தது. பயன் என்று கேட்டால், வேலை தேடிய காலத்தில் ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹெச்-1பி வேலை விசா குலுக்கலிலும் அதற்கு மதிப்பு கிடையாது. இருந்தாலும் விண்ணப்பியுங்கள் என்றுதான் சொல்வேன்.

நீங்கள் அந்த மின்னஞ்சலை நாலு நாளாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறீர்கள். அறையில் இருப்பவர்களிடம் சொன்னால் "என்ன, ராணி ஆகப்போறியா?" என்று ஓட்டுவார்கள். வீட்டில் சொன்னால் "போன வேலையைப் பாரு" என்பார்கள். அதனால்தான் இங்கே பெயர் போடாமல் கேட்டிருக்கிறீர்கள். நான் நினைத்தது தவறென்றால் மன்னிக்கவும். ஆனால் நான் அப்படித்தான் இருந்தேன்.

முதலில் அந்த ராணி விஷயம். ஹோம்கமிங் என்றதும் நம் ஆட்களுக்கு, மாணவர்களில் ஒரு ராஜா ராணியைத் தேர்ந்தெடுத்துச் சூட்டும் கிரீடம்தான் ஞாபகம் வருகிறது. ஆரம்பத்தில் அது பழைய மாணவர்களை ஊருக்கு வரவழைக்கும் ஏற்பாடு, அவ்வளவுதான். மிசூரி பல்கலைக்கழகமும் கான்சாஸும் மோதும் கால்பந்தாட்டம் (கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது) கான்சாஸ் சிட்டியில் நடந்துகொண்டிருந்தது. இனி வளாகத்திலேயே நடத்த வேண்டும் என்று விதி வந்ததும், 1911ல் மிசூரியின் விளையாட்டு இயக்குநர் செஸ்டர் புரூவர் பழைய மாணவர்களை 'வீட்டுக்கு வாருங்கள்' என்று கூப்பிட்டார். ஆட்டம் 3-3 என்று சமனில் முடிந்தது. உடனே பேய்லர் பல்கலைக்கழகம் 1909ஐக் காட்டும், இல்லினாய் பல்கலைக்கழகம் 1910ஐக் காட்டும், நாங்கள்தான் முதலில் என்று. நம்மூரில் எந்தக் கோயில் பழையது என்று நடக்கும் சண்டை மாதிரி இதற்கும் முடிவு கிடையாது.

ராஜா ராணியெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. இப்போது பல இடங்களில் அதையும் மாற்றிவிட்டார்கள். ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகம் 2016ல் ராஜா ராணியை எடுத்துவிட்டு மாணவத் தலைவர்கள் என்று வைத்தது. பர்டூ 2018ல் ஆண், பெண் பிரிவைத் தூக்கியது. உங்களுக்கு வந்திருப்பது இந்த வகைதான் என்று நினைக்கிறேன். ஒரு கட்டுரை, மதிப்பெண் சராசரி, இரண்டு பரிந்துரைக் கடிதம், ஒரு நேர்காணல். சில இடங்களில் இளநிலை இறுதியாண்டு மாணவர்களுக்கு மட்டும் என்று இருக்கும், அதை முதலில் பாருங்கள். மாணவர் ஓட்டும் உண்டு என்றால் கொஞ்சம் கஷ்டம். சகோதரத்துவ விடுதிகள் (ஃப்ரடெர்னிட்டி என்கிற மாணவர் சங்கங்கள்) அவரவர் ஆளுக்கு மொத்தமாகப் போட்டுவிடும். நம் வாட்ஸப் குழுவில் முன்னூறு பேர் இருப்பார்கள், முப்பது பேர் ஓட்டுப் போடுவார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எங்கள் வளாகத்தில் மாணவர்கள் இலவசமாக மளிகை எடுத்துக்கொள்ளும் உணவு வங்கி ஒன்று இருந்தது. இப்போது பல வளாகங்களில் இருக்கிறது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே 1993ல் தொடங்கியதுதான் முதல் என்பார்கள். எங்களுடையது ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், செவ்வாயும் வியாழனும் மாலையில் திறக்கும். அலமாரி முழுக்க டப்பாவில் அடைத்த பீன்ஸ், கடலை வெண்ணெய், மக்ரோனி பெட்டி. நான் கோவில்பட்டிக்காரி. கடலையை வெல்லப்பாகில் பார்த்து வளர்ந்தவளுக்கு அதை வெண்ணெயாக வழித்துத் தின்ன மனசு வரவில்லை. நம் பிள்ளைகள் வருவார்கள், அலமாரியை ஒரு சுற்றுப் பார்ப்பார்கள், ஒரு டப்பாவை மரியாதைக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். மறுவாரம் வரமாட்டார்கள்.

இங்கே ஒரு கூட்டம் வந்து கேட்கும் என்று தெரியும்: லட்சக்கணக்கில் பணம் கட்டிப் போனவர்களுக்கு எதற்கு இலவச அரிசி? நியாயமான கேள்விதான். ஆகஸ்ட் நடுவில் இறங்கும் மாணவருக்கு உதவியாளர் வேலை கிடைத்திருந்தாலும், சமூகப் பாதுகாப்பு எண் வந்து, கணக்கில் ஏறி, முதல் சம்பளம் கைக்கு வரும்போது செப்டம்பர் முடிந்துவிடும். அதற்குள் வாடகை முன்பணம், மெத்தை, குளிர் ஜாக்கெட், பாடப்புத்தகம். கல்விக்கடன் பணம் கல்லூரிக்குப் போகும், வயிற்றுக்குப் போகாது. அந்த ஆறு வாரம் வெறும் பிரெட்டில் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருத்தி. வசதி இருந்தும் போய் மூட்டை கட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.

என்னோடு நேபாளத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளிடம் பழைய கார் ஒன்று. இரண்டு மணி நேரத் தொலைவில் ஓர் இந்தியக் கடை. அந்தக் கடைக்காரரிடம் பேசி, தேதி நெருங்கிய துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, இருபது பவுண்டு அரிசி மூட்டைகளை மாதம் ஒருமுறை வாங்கிவர ஏற்பாடு செய்தோம். பாதி தானம், பாதி அடக்க விலை. முதல் மாதம் நாலு மூட்டை அரிசி. ஒன்றரை வருடத்தில் அலமாரியில் இரண்டு தட்டு முழுக்க எங்களுடையது. கொரிய மாணவர்களும் நைஜீரிய மாணவர்களும் எங்கள் சாமானையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். எங்கள் பருப்பை முதலில் காலி செய்தது சைவமாக மாறிய ஓர் அமெரிக்கப் பையன். தாளிப்பது எப்படி என்று கேட்டு என் உயிரை எடுத்தான்.

பேசியது நான், மூட்டை தூக்கியது பெரும்பாலும் அவள். ஆனால் விருதுக்கு ஓர் அமைப்பிலிருந்து ஒருவர் பெயர்தான் கொடுக்கலாம். "நீ போ, எனக்கு அளக்க வராது" என்றாள்.

எனக்கு மட்டும் வருமா? முதல் வரைவை எழுதி ஆலோசகரிடம் கொடுத்தேன். நாங்கள் செய்தோம், நாங்கள் போனோம், நாங்கள் பேசினோம் என்றிருந்தது. அந்த அம்மா சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு 'நாங்கள்' மேலும் வட்டம் போட்டு, "இதில் நீ எங்கே?" என்று கேட்டார். எல்லாவற்றையும் 'நான்' என்று மாற்றினேன். கடையைப் பிடித்தது நான், ஏற்பாடு செய்தது நான், வளர்த்தது நான். அனுப்பிவிட்டு அன்று இரவு நேபாளத்துக்காரி முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் என்னவோ கட்டுரையைப் படித்துவிட்டு "நல்லா இருக்கு, காரை மட்டும் விட்டுட்டே" என்று சிரித்தாள். அப்புறம்தான் காரைச் சேர்த்தேன்.

விருது நாள். மதியம் இரண்டரைக்கு ஹோம்கமிங் கால்பந்தாட்டம், நாலு மணிவாக்கில் இடைவேளை, அப்போது மைதான நடுவில்தான் விருது. இந்தியாவில் அப்போது ஞாயிறு அதிகாலை இரண்டரை. அப்பா பக்கத்து வீட்டுக்காரர்களையும் எழுப்பி, அண்ணன் கணினியில் நேரலையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் தெரியாத விஷயம், இடைவேளை வந்ததும் தொலைக்காட்சி மைதானத்தைக் காட்டாது. கோட்டு போட்ட நாலு பேர் உட்கார்ந்து வேறு ஆட்டங்களைப் பற்றிப் பேசுவார்கள், நடுவில் டிரக் விளம்பரம். கோவில்பட்டியில் ஏழு பேர் டிரக் விளம்பரம் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் நான் புல்தரையில் தோளில் குறுக்கே ஒரு பட்டையோடு நிற்கிறேன். இருபது நிமிட இடைவேளையில் பெரும்பகுதி வாத்தியக் குழுவுக்கு, எங்களுக்கு நாலைந்து நிமிடம்தான். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராக வருகிறது. என் முறை வந்ததும் அந்த மனிதர் கம்பீரமாக "ஃப்னூ" என்றார்.

இதைச் சொல்லாமல் நகர முடியாது. இது கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நம் ஊரில் நமக்கு இருப்பது ஒரு பெயர், ஓர் இனிஷியல். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இடத்தில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமாக எஃப், என், யூ என்று மூன்றெழுத்து விழும். அதுதான் பல்கலைக்கழகப் பதிவில், அதுதான் ஓட்டுநர் உரிமத்தில், அதுதான் வங்கி அட்டையில். என் வகுப்பிலேயே மூன்று ஃப்னூ இருந்தோம். அப்பா, தாத்தா பெயரை எனக்குக் குடும்பப்பெயராக மாட்ட வேண்டும் என்று யார் முடிவு செய்தது? சாதிப்பெயரை வேண்டாம் என்று விட்ட ஊருக்கு இது தண்டனையா? சரி, விடுகிறேன். இதைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி கேளுங்கள், இரண்டு மடங்கு எழுதுகிறேன்.

ஃப்னூவுக்குப் பிறகு என் நிஜப் பெயரை அவர் என்ன செய்தார் என்பதை எழுத்தில் கொண்டுவர முடியாது. கைதட்டினார்கள், நானும் கையசைத்தேன். நேபாளத்துக்காரி கீழ்வரிசைக் கம்பியில் தொங்கிக்கொண்டு கைப்பேசியில் ஆடி ஆடி எடுத்த காணொளிதான் வீட்டுக்குப் போனது. அதில் அவள் கத்துகிறாள், என் பெயரை, இனிஷியலோடு. அம்மா அதை எத்தனை முறை பார்த்தாரோ தெரியாது. அப்பா மட்டும் "என்னம்மா, கட்சித் துண்டு மாதிரி போட்டுருக்க?" என்றார்.

அதனால் விண்ணப்பியுங்கள். கூச்சத்தை ஒரு வாரம் தள்ளிவையுங்கள், கட்டுரையில் உங்களோடு உழைத்தவரைக் குறிப்பிட இடம் வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தின் கடைசியில் 'உங்கள் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும்' என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் நான் காலியாக விட்டது அதைத்தான். கடைசி தேதி எப்போது?