வகுப்பறையில் தொழில்நுட்பம்: ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (அறிவியல் ஆசிரியர்): பாடக் குறிப்புகளைத் திரையில் காட்டி, வரி வரியாக வாசித்தும் விளக்குகிறேன். இருந்தும் மாணவர் மனத்தில் அவை தங்குவதில்லையே?

பதில்: வாசிப்பதுதான் சிக்கல். திரையிலுள்ள சொற்களையே ஆசிரியரும் வாசித்தால், மாணவரின் கவனம் இரண்டையும் ஒப்பிடுவதில் வீணாகிறது என்பது பல்லூடகக் கற்றலை ஆராய்ந்த ரிச்சர்ட் மேயரின் விளக்கம். திரையில் படம் இருக்கட்டும். விளக்கத்தை நீங்கள் சொல்லுங்கள்.

கேள்வி (கல்லூரி விரிவுரையாளர்): வினாடி வினாச் செயலிகளை மாணவர்கள் ஆர்வத்துடன் பயன்படுத்துகிறார்கள்; ஆனால் புரிதல் கூடியதாகத் தெரியவில்லை.

பதில்: விரைவாக விடை சொல்பவருக்குக் கூடுதல் புள்ளி என்றால் ஊகிக்கும் பழக்கமே வளரும் என்பதால், முதலில் அந்த வசதியை நிறுத்திவிடுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் கையாண்ட முறை இங்கே பொருந்தும். கணக்கீடு தேவைப்படாத, கருத்தைச் சோதிக்கும் ஒரு வினாவை அவர் கேட்பார். ஒவ்வொருவரும் தனியே யோசித்து விடையைத் தெரிவிப்பர். சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால், அருகிலிருப்பவருடன் வாதாடச் செய்து, மறுபடியும் விடை கேட்பார். அதற்குக் குறைந்தால் பாடத்தை மீண்டும் விளக்க வேண்டும். மிகுந்தால் சுருக்கமாக முடித்து அடுத்ததற்குப் போகலாம். முதல் சுற்றின் முடிவை வகுப்புக்குக் காட்டாதீர்கள். காட்டினால், பெரும்பான்மையினர் பக்கம் சாய்வதற்குத்தான் பலர் முனைவார்கள். அருகிலிருப்பவருடன் நடக்கும் விவாதத்தில்தான் கற்றல் நிகழ்கிறது. செயலி எண்ணிக்கையை மட்டும் தருகிறது. வண்ண அட்டைகளைத் தூக்கிக் காட்டச் சொன்னாலும் இம்முறை நடக்கும்.

கேள்வி (அதே விரிவுரையாளர்): மடிக்கணினியில் குறிப்பெடுப்பதைத் தடுக்கலாமா?

பதில்: கையால் எழுதியவர்கள் கருத்து வினாக்களுக்கு மேலாக விடையளித்ததாக உளவியலாளர்கள் முல்லரும் ஓப்பன்ஹைமரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வைப் பலரும் காட்டுவர், ஆனால் பின்னர் அதைத் திரும்பச் செய்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. கவனச் சிதறலே வலுவான காரணம். வகுப்பில் மடிக்கணினியில் வேறு வேலை பார்த்தவர் மட்டுமன்றி, அத்திரை கண்ணில் படும்படி அமர்ந்திருந்தவரும் தேர்வில் பின்தங்கியதாக 2013-இல் வெளியான கனடிய ஆய்வொன்று காட்டியது. முற்றாகத் தடுப்பதைவிட, தேவையான நேரத்தில் மட்டும் திறக்கச் சொல்வதே என் பரிந்துரை. பார்வைக் குறைபாடு போன்ற காரணங்களால் கருவியை நம்பியிருப்பவருக்கு இக்கட்டுப்பாடு பொருந்தாது.

கேள்வி (மொழி ஆசிரியர்): கட்டுரைகளைச் செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது. கண்டறியும் மென்பொருளை நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, துல்லியம் குறைவு என்று கூறித் தன் கண்டறியும் கருவியை 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அத்தகைய கருவியின் சொல்லை வைத்து ஒரு மாணவரைக் குற்றவாளியாக்குவது முறையன்று. முதல் வரைவை வகுப்பிலேயே எழுதச் செய்யுங்கள். வீட்டில் திருத்தி வந்த பிறகு, ஒரு பத்தியை ஏன் அப்படி மாற்றினார் என்று நேரில் கேளுங்கள். தானே எழுதியவர் அதைத் தயக்கமின்றி விளக்கிவிடுவார்.

கேள்வி (தொடக்கப் பள்ளி ஆசிரியர்): எங்கள் பள்ளியில் இணையம் அடிக்கடி அறுந்துபோகிறது. என்ன செய்யலாம்?

பதில்: கோலிப்ரி என்னும் இலவச மென்பொருளை ஒரு கணினியில் நிறுவி, பாடங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், மற்றக் கருவிகள் பள்ளிக்குள்ளேயே இயங்கும் உள்ளக வலையமைப்பு வழியாக அவற்றைப் பெறும். கணிதத்துக்கு ஜியோஜீப்ரா என்னும் மென்பொருளையும் கணினியில் நிறுவிக்கொண்டால், அது இணையமின்றி இயங்கும்.