கொடைக்கானல் பண்பலைக்கு எந்த உள்ளறை ஆன்டெனா?

வணக்கம். மதுரை வில்லாபுரத்தில் தரைத்தள வீட்டில் 100.5 மெகாஹெர்ட்ஸ் கொடைக்கானல் பண்பலை இரைச்சலோடு வருவதாகவும், பூஸ்டர் வைத்த உள்ளறை ஆன்டெனா வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

பூஸ்டர் வேண்டாம் என்பதே என் கருத்து. அது தொலைவிலிருந்து வரும் கொடைக்கானல் அலையோடு, அருகிலுள்ள மதுரை நிலையங்களின் வலுவான அலைகளையும் சேர்த்தே பெருக்கி ரேடியோவைத் திணறடித்துவிடும். சாதாரண இருமுனை ஆன்டெனா போதும். இந்த அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர் என்பதால், அதில் கால் பங்கைவிடச் சற்றுக் குறைவாக 71 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு செம்புக் கம்பிகளை ஒரே நேர்கோட்டில் இருபுறமும் விரித்து, ரேடியோவுக்குச் செல்லும் கேபிளின் உட்கம்பியை ஒன்றிலும் வெளிவலையை மற்றதிலும் இணைத்து நீங்களே செய்துகொள்ளலாம். கொடைக்கானல் நமக்கு மேற்கு வடமேற்கில் இருப்பதால், கம்பிகள் ஏறக்குறைய வடக்கு தெற்காக நீண்டிருக்க வேண்டும். நுனி மலையைப் பார்த்தால் ஒலி மங்கிவிடும்.

மேற்குச் சன்னல் நல்ல இடம்தான். ஆனால் இரும்புக் கம்பியிலிருந்து ஓரடியாவது தள்ளிக் கட்டுங்கள். அதற்கு முன் அறையிலுள்ள எல்இடி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். என் வீட்டில் பாதி இரைச்சல் கூடத்து மலிவு விளக்கிலிருந்தே வந்துகொண்டிருந்தது.