ஒக்ரோபர் மண்ணில் என்ன நடலாம்? ரொறொன்ரோ வீட்டுத்தோட்டக் கேள்வி பதில்

அண்ணா, செப்ரெம்பர் பிறந்த உடனேயே கடையில் ரியூலிப் கிழங்கு வந்துவிட்டது. வாங்கிய கையோடு நடலாமா?

வாங்குங்கள், நடுவதற்குப் பொறுங்கள். பெரிய, கனமான கிழங்குகள் முதலில் விற்றுப்போகும். இப்போதே தெரிந்தெடுத்து, காகிதப் பையில் போட்டு, குளிர்ச்சியான காய்ந்த இடத்தில் வையுங்கள். அப்பிளுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கக்கூடாது. அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு, கிழங்குக்குள் உறங்கும் பூமொட்டைக் கெடுத்துவிடும்.

மண் 10 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்ததும் நடலாம். எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் ஒக்ரோபர் நடுப்பகுதிக்குப் பிறகுதான். சூடான மண்ணில் நட்டால் பூஞ்சணம் பிடித்து அழுகும். நட்டது வேர்விட்டு, 12 முதல் 16 கிழமை குளிருக்குள் கிடந்தால்தான் தண்டு நீண்டு பூக்கும். போர்க்காலத்தில் தமது அரச குடும்பத்துக்கு அடைக்கலம் தந்த நன்றிக்கு, நெதர்லாந்து இளவரசி யூலியானா 1945 இல் ஒட்டாவாவுக்கு 100,000 கிழங்குகளைப் பரிசளித்தார். அவையும் இலையுதிர் காலத்தில் வந்தவைதான்.

போன வருசம் நட்டதில் பாதியை அணில் தோண்டித் தின்றுவிட்டது. என்ன வழி?

ரியூலிப்பும் குறோக்கசும் அணிலுக்கு விருந்து. டஃபடிலை அது விட்டுவிடும், அதில் லைக்கோறின் என்ற நஞ்சு இருக்கிறது. ரியூலிப்தான் வேண்டும் என்றால் 8 அங்குல ஆழத்தில் நட்டு, மண்ணை இறுக்கி, மேலே கோழிக்கூட்டுக் கம்பிவலையை விரித்து ஓரங்களில் கல் வையுங்கள். முளை வலைக்கண்ணூடாக வந்துவிடும். எலும்புத்தூள் போடவேண்டாம், அந்த மணமே தோண்ட வைக்கும்.

இதைத் தயவுசெய்து கவனியுங்கள்: டஃபடில் கிழங்கு பார்வைக்கு அசல் வெங்காயம். குசினியில் வெங்காயம் கிடக்கும் இடத்துக்கு அது ஒருநாளும் வரக்கூடாது. தின்றால் கடும் வாந்தியும் வயிற்றுவலியும் வரும்.

அரைவிலைக்கு ஒரு லைலாக் கன்று வாங்கினேன். இந்தக் குளிரில் வைத்தால் தப்புமா தம்பி?

தப்பும் அக்கா. இலை கொட்டும் பூமரங்களுக்கு இளவேனிலைவிட இந்தக் காலத்தையே நான் விரும்புவேன். காற்றுக் குளிர்ந்தாலும் கோடையின் சூடு மண்ணுக்குள் இன்னும் இருக்கிறது. இலையையும் பூவையும் பராமரிக்கிற வேலை இல்லாததால் கன்று தன் பலத்தை எல்லாம் வேருக்குக் கொடுக்கும். நிலம் உறைய ஆறு கிழமை இருக்கும்போதே வைத்துவிட்டால் போதும்.

கிடங்கை வேர்க்கட்டியைவிட இரண்டு, மூன்று மடங்கு அகலமாக வெட்டுங்கள். ஆழம் வேர்க்கட்டியின் உயரத்துக்கு மேலே போகவேண்டாம், தாழ்ந்துபோனால் அடித்தண்டு அழுகும். விலை குறைத்து விற்கும் கன்று கோடை முழுக்கச் சாடிக்குள் கிடந்ததாக இருக்கும், வேர் வட்டமாகச் சுற்றியிருக்கும். மனமிரங்காமல் கத்தியால் நாலு பக்கமும் கீறிப் பிரித்துவிடுங்கள். அப்படியே நட்டால் அந்த வேர் பிறகும் வெளியே ஓடாது.

வெட்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள். நைதரசன் பசளை இப்போது வேண்டாம், புதுத்தளிர் விட்டுக் குளிரில் கருகும். மேலே மூன்று அங்குலத்துக்கு இலைச்சருகோ மரச்சீவலோ போடலாம், தண்டில் முட்டக்கூடாது. குளிர்ந்துவிட்டதே என்று ஹோசைச் சுருட்டி வைத்துவிடாதீர்கள். நிலம் உறையும்வரை தண்ணீர் வேண்டும். சீடர் போன்ற, இலை கொட்டாத பச்சை மரங்கள் பனிக்காலத்திலும் இலையால் நீரை இழப்பதால், அவற்றுக்கு இது இன்னும் முக்கியம்.

ஹைட்ரேஞ்சா காய்ந்துபோய்க் கிடக்கிறது. இப்போதே வெட்டிவிடவா?

பெரிய இலையும் நீலம், இளஞ்சிவப்புப் பூவும் உள்ள வகை என்றால் கத்தரிக்கோலைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். அடுத்த வருசப் பூ இப்போதே அந்தத் தண்டில் மொட்டாக இருக்கிறது. கூம்புக் கொத்தாக வெள்ளையாய்ப் பூக்கும் வகையை மார்ச்சில் வெட்டலாம்.

மல்லிகையை வெளியில் நட ஏதாவது வழி இருக்கிறதா?

இல்லை. மல்லிகை, கறிவேப்பிலைச் சாடிகளை இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்குமுன் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். வாசலில் வெள்ளைப்பூவும் வாசமும் வேண்டும் என்பவர்கள் மொக் ஒறேஞ்ச் என்ற பூச்செடியை வையுங்கள். யூனில் பூக்கும், இந்தக் குளிரைத் தாங்கும்.

உள்ளியும் இப்போதுதான் நடுவதா?

ஆம், ஒக்ரோபரில். சுப்பர்மார்க்கெட் உள்ளியை விட்டுவிட்டு, உழவர் சந்தையில் ஒன்ராறியோவில் விளைந்த, நடுவில் தடித்த தண்டுள்ள உள்ளியைத் தேடி வாங்குங்கள். பல்லைத் தோலோடு பிரித்து, கூர்ப்பக்கம் மேலே இருக்க, 2 அங்குல ஆழத்தில், 6 அங்குல இடைவெளியில் நட்டு வைக்கோலால் மூடுங்கள். யூனில் பூந்தண்டு சுருண்டு வரும். அதை முறித்துவிட்டால் உள்ளி பெருக்கும், முறித்த தண்டு வறைக்கு நல்ல ருசி. யூலையில் கீழ் இலைகள் காய்ந்ததும் கிண்டி எடுத்து, நிழலில் கட்டித் தொங்கவிடுங்கள்.